அரியநாயகத்தின் வெறும் வாசல்

நெடுங்கால்பேரிக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், அவை நடந்த வரிசைப்படி:

முதலாவது, பேருந்து நிலையம். கட்டப்போகிறோம் என்று சந்தை மேட்டில் அடிக்கல் நாட்டினார்கள். கல் நின்றது. பேருந்து இன்றைக்கும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

இரண்டாவது, பிரசவ ஆஸ்பத்திரி. கீழக்குளத்துக் கரையை ஒட்டி ஒரு மந்திரியே நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லைத் தவிர அங்கே இதுவரை ஒன்றும் பிறக்கவில்லை.

மூன்றாவது, பெண்கள் உயர்நிலைப் பள்ளி. கல் நாட்டிய அன்று மந்திரி வருகிறவரை பிள்ளைகள் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அதில் மயங்கி விழுந்த ஒரு பிள்ளையின் மகள் இப்போது பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள்.

நான்காவது, நூலகம்.

ஐந்தாவது, மறுபடியும் பேருந்து நிலையம். முதல் கல்லைப் புதர் மூடிவிட்டதால் அப்படி ஒரு கல் இருப்பது யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

ஆறாவது, மேற்படி ஐந்தும் எங்கே என்று கேட்கப் போன அரியநாயகத்தின் இடது முழங்கை.

இந்த ஆறையும் துண்டறிக்கையாக அச்சடித்து நாற்பது ஆண்டுகளாகச் சந்தையிலும் பஸ்ஸிலும் கோர்ட் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் கொடுத்து வந்தார் அரியநாயகம். கொடுத்ததோடு விடாமல் வாய்விட்டு வாசித்தும் காட்டினார். நடுவில் யாராவது பேசி வரிசை கலைந்துவிட்டால் மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கினார். ஆகையால் அவர் வாசிக்கும்போது தும்முவதற்குக்கூட ஊர் பயந்தது. ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மட்டும் அவராகவே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். அச்சில் ஏறாத ஒன்று அந்த இடைவெளியில் இருந்தது. அது அவருடைய ஒரே மகள் நீதிமணிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கல் நாட்டிய மூன்றாம் வருடம், அவளுடைய அம்மா சண்முகவடிவு இரண்டாவது பிரசவத்துக்காக ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பதினெட்டாவது மைலில், வாடகைக் காரின் பின் இருக்கையில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. நீதிமணிக்கு அப்போது ஆறு வயது.

அதற்குப் பிறகு அவளை வளர்த்தது அத்தை. பெயர் வைத்ததோடு அப்பாவின் வேலை முடிந்தது என்று அத்தை சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "உள்ளே இருக்கார்" என்பாள் நீதிமணி. வீட்டுக்குள்ளேயா என்று கேட்காத அளவுக்கு வாத்தியார்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. உள்ளே இருக்கிற அப்பாவை வெளியே கொண்டுவந்து பெரிய பதவியில் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் அவளுடைய விளையாட்டு. அப்பா தலைவராகிவிட்டார், பள்ளிக்கூட வாசலில் கார் வந்து நிற்கிறது, பிள்ளைகள் எல்லாம் பார்க்க அவள் ஏறி உட்காருகிறாள் என்று கற்பனை பண்ணுவாள். ஆனால் எத்தனை தடவை கற்பனை பண்ணினாலும் தெருமுனை வருவதற்குள் அப்பா டிரைவரை நிறுத்தச் சொல்லி, "ஏளா நீதி, இது சர்க்கார் பெட்ரோல், இறங்கி நட" என்று சொல்லிவிடுவார். சொந்தக் கனவில்கூட அவரை வளைக்க அவளால் முடிந்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. வருத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமை உண்டு.

நாற்பத்தாறு வயதில் அவள் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மனு எழுதிக் கொடுப்பதும் அவள்தான். கணவர் துறைமுகத்தில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அப்பா ஆறு தேர்தலில் நின்று ஆறிலும் டெபாசிட் இழந்திருந்தார். ஏழாவது தடவை பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது, ஒரு தரம் ஜெயிக்கவைத்துவிட்டால் நோட்டீஸ் வாசிப்பதை நிறுத்துவார் என்று யாரோ சொல்ல, ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. பதினோரு ஓட்டில் ஜெயித்தார். பதவி ஏற்ற அன்று மாலை போடவந்தவர்களை உட்காரவைத்து, முதலாவதிலிருந்து வாசித்தார்.

அவர் பதவிக்கு வந்த மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில், சந்தை மேட்டுப் புதருக்குள் இருந்த முதலாவது கல், குளத்திலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல எழுந்து, மண்ணை உதறி, நடக்கத் தொடங்கியது. கனமான பீரோவை நகர்த்தும்போது ஒரு மூலை மாற்றி ஒரு மூலை வைப்போமே, அப்படி ஒரு நடை. அவசரமில்லை. சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் கூடையை இழுத்து வழிவிட்டார்கள்.

"என்ன சித்தப்பா, கல்லு நடக்கு?" என்றான் ஒருவன்.

"நடக்கட்டும்ல. அம்பது வருசம் ஒரே இடத்துல நின்னா உனக்குக் கால் கடுக்காதா?" என்றார் சித்தப்பா. மறுபடி பேரத்துக்குத் திரும்பினார்.

கல் தேரடித் தெருவுக்குப் போய், அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் யார் பெயர் இருந்ததோ அந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் செத்துப் பன்னிரண்டு வருடம். அவருடைய பையன் கதவைத் திறக்க, கதவு பாதிதான் திறந்தது. அந்த வாரத்துக்குள் பள்ளிக் கல்லும் நூலகக் கல்லும் இரண்டாவது பேருந்து நிலையக் கல்லும் அவரவர் வாசலைத் தேடிப் போய்விட்டன. பிரசவ ஆஸ்பத்திரிக் கல் எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிளம்பி, கல் நாட்டிய மந்திரியின் மகன் கட்டியிருந்த மூன்று மாடி வீட்டின் முன்னால் போய் நின்றது. ஆள் கூட்டித் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டாலும் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்துவிடும். எந்தக் கட்டிடத்துக்காக நாட்டினார்களோ அது எழும்புகிறவரை அது போகாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

ஏன் நடக்கின்றன என்று ஒரு பேராசிரியர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். ஊருக்கு அதில் அக்கறை இல்லை. நடக்கிற கல்லோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதில்தான் அக்கறை. போலீஸ்காரர் கற்கள் இடதுபக்கமாகத்தான் போகவேண்டும் என்றார். அவை அதற்குக் கட்டுப்பட்டன. வெயிலில் சூடேறி நின்ற கற்களின்மேல் பெண்கள் வடகம் காயப்போட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு வேலை என்ன என்று கேட்பதற்கு முன்னால் "வாசல்ல கல்லு உண்டுமா?" என்று கேட்டார்கள். கல் உள்ள வீட்டார் "அது எங்க பெரியப்பா பேரு, எங்களுக்கு ஒட்டில்லை" என்று சத்தியம் செய்தார்கள்.

ஒரு காலத்தில் கல்லில் பெயர் வரவேண்டும் என்று கவுன்சிலர்கள் அடித்துக்கொண்டதை நீதிமணி பார்த்திருக்கிறாள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்காக ஒரு மண்டையே உடைந்திருக்கிறது. இப்போது அதே ஆட்கள் அவள் கடையில் வரிசையில் நின்று, மேற்படி கல்லில் கண்ட நபர் நான் அல்ல, அவர் வேறு, நான் வேறு என்று பத்திரத்தாளில் எழுதி வாங்கிப் போனார்கள். கற்கள் பத்திரத்தாளைப் படிக்கவில்லை.

பிறகு ஒருவருக்கு உளி ஞாபகம் வந்தது. தன் பெயரைக் கொத்தி எடுத்தார். கல் மறுநாளே எழுந்து, தன்னில் இரண்டாவதாக இருந்த பெயரின் வாசலுக்குப் போனது. இரண்டாமவரும் கொத்தினார், மூன்றாமவர் வீட்டுக்குப் போனது. இப்படித் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒவ்வொரு படியாக இறங்கின கற்கள். இந்த விவரம் ஊருக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது, நூலகக் கல்லுக்குப் பெயரே இல்லாமல் போகிறவரை.

கடைசிப் பெயரும் கொத்தப்பட்ட மறுநாள் நூலகக் கல் நாற்சந்திக்கு வந்து, விலாசம் மறந்த ஆள்போல நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, தெற்கு ரோட்டில் நடந்து, ஊர் எல்லைப் பலகையைத் தாண்டிப் போய்விட்டது. அது போன மறுநாள், தையல்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே நூலகத்துக்காகக் காலியாகக் கிடந்த மனையும் இல்லை. தையல்கடைச் சுவரும் மில் சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்ததுபோல நின்றன. கல்லில் பெயர் இல்லாமல் போனால் கட்டிடம் என்கிற பேச்சே ஊரைவிட்டுப் போய்விடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நீதிமணி வீட்டுக்கு ஓடி, பரணில் இருந்த பழைய துண்டறிக்கைக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாத் தாளிலும் நான்காவதில் நூலகம் என்ற ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. அதன் கீழே அப்பா எழுதியிருந்த பத்து வரியும் போய், அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில், வாசலில் கல் இல்லாத ஒரே தலைவர் அரியநாயகம். அந்தப் பெருமையை அவர் அடக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. காலையில் தானே வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்துபோட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். போகிறவர் வருகிறவரை நிறுத்துவார்.

"என்ன தெரியுது?"

"வாசல் தெரியுது அண்ணாச்சி."

"வாசல்ல?"

"ஒண்ணுமில்ல."

"அதான்! அந்த ஒண்ணுமில்லைக்குத்தான் நாப்பது வருசம் அடி வாங்கினேன்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரி ஃபைல் எங்கேயோ தூசி தட்டப்பட்டு, அனுமதியோடு பேரூராட்சிக்கு வந்தது. மன்றம் தீர்மானம் போட்டு, ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். படிவத்தில் பதினேழாவது கட்டம்: அடிக்கல் நாட்டுபவர் பெயர். செயல் அலுவலர் கனகசபை அதை மன்றத்தில் வாசித்ததும் பதினைந்து கவுன்சிலர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"என் பேரு ரொம்ப நீளம், அந்தக் கட்டத்துல அடங்காது" என்றார் துணைத் தலைவர் இசக்கிமுத்து. மற்றவர்கள் அவரவர் பெயரின் குறைகளைச் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"கல் நாட்டுற பழக்கமே ஒரு மோசடின்னு நாப்பது வருசமா எழுதிட்டு வாறேன். அதை நானே செய்யவா? அந்தக் கட்டத்தை எடுத்துட்டுப் படிவத்தை அனுப்பச் சொல்லி மேலே எழுதுங்க" என்றார் அரியநாயகம்.

மேலே எழுதினார்கள். கட்டத்தை எடுக்க அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார்கள். எட்டு மாதம் போயிற்று. கொள்கையை அவர் விடவில்லை, படிவமும் நகரவில்லை. ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நேர்மையான மனுசன், பாவம், என்ன செய்வார் என்றார்கள். நேர்மையான தலைவர் கிடைத்தால் ஊர் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நீதிமணி நினைத்துப் பார்த்திருந்தாளோ, அப்படி எதுவும் இல்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு வாசல் மட்டும் சுத்தமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் சோறு போடும்போது அவள் வாய்விட்டுவிட்டாள்.

"அப்பா, மேலத்தெரு பிச்சம்மா மகளை இன்னைக்குக் கார்ல ஏத்திட்டுப் போனாவ. வலி வந்து ரெண்டு மணி நேரமாச்சு."

"ம்."

"நம்ம வாசல் சுத்தமாத்தான் இருக்கு. பதினெட்டாவது மைலும் அப்படியேதான் இருக்கு."

அரியநாயகம் சோற்றிலிருந்து கையை எடுத்தார். தண்ணீர்ச் செம்பைத் தேடினார். குடித்தார். எழுந்துபோய்க் கை கழுவினார். பிச்சம்மா மகள் எப்படியோ பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு சேதி வந்தது.

மந்திரி மகன் அதற்குள் தன் அப்பாவின் பெயரைக் கொத்தி எடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கல் முன்னிலை வகித்தவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வாழ்த்துரைக்குப் போய், அங்கிருந்து நன்றியுரைக்குப் போய், கடைசியாக மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருந்த காண்டிராக்டர் வீட்டுக்குப் போனது. நன்றியுரை சொன்னவர் வேறு யாருமில்லை, அப்போது வட்டச் செயலாளராக இருந்த இசக்கிமுத்துதான். காண்டிராக்டரும் கொத்திவிட்டார் என்ற சேதி வியாழக்கிழமை வந்தது. இனி அது தெற்கு ரோட்டில்தான் போகும் என்று ஊர் முடிவுகட்டியது. பிள்ளைத்தாச்சிப் பெண்களைப் பெற்றவர்கள் அதை வழிமறித்து நிற்கலாமா என்று யோசித்தார்கள்.

மத்தியானம் கல் நாற்சந்திக்கு வந்தது. நீதிமணி கடை ஷட்டரை இழுத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். கல் நாலு பக்கமும் பார்க்கவில்லை. விலாசம் நன்றாகத் தெரிந்த ஆள்போல நேரே வடக்கே திரும்பி, அவள் தினமும் நடக்கிற அதே தெருவில் நடந்தது. அவள் பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர் நடந்தது. கல் அரியநாயகத்தின் பெருக்கித் தெளித்த வாசலில் போய், பிளாஸ்டிக் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் நின்றது.

"அண்ணாச்சி!" என்று ஆனந்தமாகக் கூவினார் இசக்கிமுத்து. "உங்க வாசலுக்கும் விருந்தாளி வந்தாச்சு! காப்பி போடச் சொல்லுங்க!"

அரியநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "என்னவே இது அக்கிரமம்? வழி தப்பி வந்திருக்கு. என் பேரு அதுல கிடையாது. இந்தக் கல்லை நட்ட அன்னைக்கு நான் கறுப்புக் கொடி பிடிச்சவன். வாசிச்சுப் பாரும்!"

இசக்கிமுத்து வாசித்தார். அஞ்சு இடம் கொத்தியிருந்தது. அதில் ஒன்று அவரே கொத்தியது. காண்டிராக்டரின் மூலைக்கும் கீழே, பிற்பாடு மண் ஏறிப் புதைந்திருந்த பகுதியில், சேறு காய்ந்து அப்பியிருந்தது. யாரோ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சிற்பி வெட்டிய எழுத்து அல்ல அது, ஆணியால் கீறிய எழுத்து. ஏறியும் இறங்கியும் கோணலாக இரண்டு வரி:

இதைக் கட்டாமல் விடமாட்டேன்.
அரியநாயகம்.

கூட்டத்தில் சிரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றது. அரியநாயகம் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். சண்முகவடிவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள், மாட்டு லாடத்தில் அடிக்கிற ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழக்குளத்துக் கரைக்குப் போனது அவருக்கு நினைவு வந்தது. அப்படி ஏதோ ஒன்று நினைவு வந்திருக்கிறது என்பதை நீதிமணி அவருடைய முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆயிரம் கூட்டத்தில் அடுத்தவர் வாக்குறுதிகளைத் தேதியோடு ஒப்பித்த மனுசர் இந்த ஒன்றை மறந்துபோயிருந்தார்.

அடுத்த இரண்டு நாள் ஊர் கொண்டாடியது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; நாற்பது வருடம் வாய்மூடிக் கேட்டவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான். பால்காரர் காலையில் கல்லுக்கு வணக்கம் வைத்தார். டீக்கடையில் அநீதிகள் வரிசையில் ஏழாவதாக இதைச் சேர்க்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அரியநாயகம் புறவாசல் வழியாக ஆபீஸுக்குப் போய், புறவாசல் வழியாகத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரம், நீதிமணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தபோது அப்பா கல்லின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புது உளி. இரும்புக்கடைச் சீட்டுகூட இன்னும் ஒட்டியிருந்தது.

"எழுத்தை ஆழப்படுத்தப் போறியளா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அழிக்கத்தான் வாங்கினேன்" என்றார் அரியநாயகம். "பொய் சொல்ல வரமாட்டேங்கு, நீதி. வந்திருந்தா என்னைக்கோ பெரிய ஆளாயிருப்பேன்."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கல் வெயிலில் கொதித்தது.

"அழிச்சா இது தெற்கே போயிரும்."

"தெரியும்."

"அம்மா நினைப்புக்கு ஊர்ல இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி மனை ஒண்ணுதான். அதுவும் போயிரும்."

"தெரியும்ளா!" என்றார் அவர். "எனக்கு அறுபத்தேழு. படிவம் போய், டெண்டர் வந்து, ஒரு சுவர் எழும்பறதுக்குள்ள நான் போயிருவேன். அப்புறம் இந்தக் கல்லு இந்த வாசல்லயே நிக்கும். போற வாறவன்லாம் அரியநாயகமும் அவங்களை மாதிரித்தான்னு சொல்லுவான். அஞ்சு பேரைக் கள்ளன்னு எழுதினேன், ஆறாவது கள்ளன் நான்னு சாகணுமா?"

நீதிமணிக்கு அப்போது சின்ன வயதுக் கார் ஞாபகம் வந்தது. தெருமுனையில் இறங்கச் சொல்வாரே, அந்த அப்பாவுக்குப் பயம் என்ற ஒன்று இருக்கும் என்று அவள் கற்பனையில் வைக்கவே இல்லை. கையை நீட்டினாள்.

"உளியைக் குடுங்க."

"என்ன செய்யப் போற?"

"கடையில ஸ்டேப்ளர் பின் நெம்ப ஒண்ணும் இல்ல. நீங்க போய்ப் பதினேழாவது கட்டத்தை நிரப்புங்க."

அவர் வெகுநேரம் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தார். பிறகு உளியை அவள் கையில் வைத்துவிட்டு, மூன்று நாளுக்குப் பிறகு முன்வாசல் வழியாக, கல்லுக்கும் நிலைக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கி நுழைந்து உள்ளே போனார்.

திங்கட்கிழமை மன்றம் கூடியது. தலைவர் படிவத்தை வாங்கி, பதினேழாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினார். கட்டத்தில் அது தாராளமாக அடங்கியது. அதே நேரம் வீட்டு வாசலில் நீதிமணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் உளியும் மறுகையில் தேங்காய் உடைக்கிற சுத்தியலுமாக, அப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை வெட்டிக்கொண்டிருந்தாள். நாலே எழுத்து. அப்பா பெயர் வைக்கும்போது சிக்கனமாகத்தான் வைத்திருந்தார். இருந்தும் மூன்று மணி நேரம் ஆனது, ஆள்காட்டி விரலில் ரத்தம் கட்டியது. எதிர்வீட்டுச் சித்தி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, உங்கப்பா வாரிசு அரசியல் ஒழிகன்னு ஏழு நோட்டீஸ் போட்டாவளே."

"ஆமா சித்தி. மத்தவிய பிள்ளைகளுக்கு நாற்காலி வருது. எனக்குக் கல்லு வருது. நோட்டீஸ்ல அதைத் தடுக்கல."

"கட்டி முடிக்கலைன்னா உன் வாசல்ல நிக்கும்ளா."

"நிக்கட்டும். நின்னாதான் கட்டுவேன்."

சித்தி மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, தெருவில் யாரும் தலைவரிடம் மூச்சு விடக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். வாழ்நாளில் அவள் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான் என்று பிற்பாடு சொன்னார்கள். வெட்டிய இடத்தில் நீதிமணி ஈரமண்ணை அப்பிவைத்தாள்.

நாள் குறித்தார்கள். அரியநாயகம் மேளம் வேண்டாம், மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், புதுக்கல்லும் வேண்டாம், இருக்கிற கல்லே போதும் என்றார். அதைத் தூக்கிப்போக வண்டி பிடிக்கலாமா என்று கனகசபை கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் தெருவில் இறங்கி நடந்தார். கல் எழுந்து பின்னால் போயிற்று, மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் மாட்டைப்போல, இடதுபக்கமாக, ஒரு மூலை மாற்றி ஒரு மூலை வைத்து. அதன் பின்னால் பிள்ளைத்தாச்சிப் பெண்களும் அவர்களுடைய மாமியார்களும், குடை பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும், வாசலில் கல் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக ஊர் நடந்தது. கீழக்குளத்துக் கரையில் நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய குழி அப்படியே திறந்திருந்தது. கல் அதில் இறங்கவில்லை. விளிம்பில் நின்றது.

கல் நாட்டும்போது அதில் உள்ள பெயர்களை நாட்டுகிறவரே சாட்சிகள் முன்னால் வாசிக்கவேண்டும், சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும் என்பது பேரூராட்சி வழக்கம். இசக்கிமுத்துவும் சித்தியும் சாட்சியாக முன்னால் வந்து நின்றார்கள். கனகசபை மைக்கை நீட்டினார். அரியநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கொத்திய இடத்தில் விரலை வைத்து, மந்திரியின் பெயரை முழுசாகச் சொன்னார். அடுத்த கொத்தலில் விரலை வைத்து, முன்னிலை வகித்தவர் பெயரைச் சொன்னார். வாழ்த்துரையைச் சொன்னார். நன்றியுரையில் விரல் வந்தபோது இசக்கிமுத்து நெளிந்தார்.

"அண்ணாச்சி, அதான் அழிச்சாச்சுல்லா."

"கல்லுல அழிச்சீரு. என் நோட்டீஸ்ல அழிக்கலையே" என்றார் அரியநாயகம். துணைத் தலைவர் இசக்கிமுத்துவின் பெயரை, அதன் நீளம் குறையாமல், மைக்கில் வாசித்தார். கூட்டம் சிரித்ததில் இசக்கிமுத்துவும் சேர்ந்துகொண்டார். காண்டிராக்டரை வாசித்தார். பிறகு குனிந்து, "இதைக் கட்டாமல் விடமாட்டேன்" என்று வாசித்து, "அரியநாயகம்" என்று தன் பெயரையும் அதே குரலில், ஆறாவது அநீதியை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். அவ்வளவுதான் என்று மைக்கைக் கொடுக்கப் போனார்.

கல் குழிக்குள் இறங்கவில்லை.

"கீழே இன்னும் இருக்கு அண்ணாச்சி" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

அரியநாயகம் மறுபடி குனிந்தார். நடந்து வந்த வழியில் காய்ந்த மண் பாதி உதிர்ந்திருந்தது. மீதியை அவர் கட்டைவிரலால் தள்ளினார். புதுசாக வெட்டிய எழுத்து வெள்ளையாக மினுங்கியது. நிமிர்ந்து கூட்டத்தில் மகளைத் தேடினார். அவள் துணி சுற்றிய விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பதுபோல அவர் நின்றார். அவர் வழக்கம் தெரிந்த யாரோ தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, மைக்கை வாயருகே கொண்டுபோய், ஊர் முழுக்கக் கேட்க, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்:

"நீதிமணி."